புகை எழுந்த பக்கம் ஓடியவர்கள்

சிவகாசி வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சத்தத்தைப் பிரித்தறிய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்குவாரியில் வைக்கும் வெடி தரையை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு அடங்கிவிடும். ஆலைகளில் புது ரகத்தைப் பற்றவைத்துப் பார்க்கும் சத்தம் விட்டுவிட்டு, அளவாக வரும். கோயில் கொடைக்கு வேட்டுப் போட்டால் அதற்கு முன்பே மேளம் கேட்டிருக்கும். இவற்றில் எதிலும் சேராத சத்தம் ஒன்று உண்டு. அது கேட்டதும் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்குள் இருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். "எந்தப் பக்கம்?" என்பதுதான் முதல் கேள்வி. புகை எழும் திசையையும் தூரத்தையும் கணக்குப்போட்டு ஆலையின் பேரைச் சொல்லிவிட ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள், அந்த ஆலைக்கு மகளை அனுப்பிய தாய் செருப்புப் போடாமல் ஓடத் தொடங்கியிருப்பாள். அவளுக்குப் பின்னால் ஊரும் ஓடும்.

2012 செப்டம்பர் 5, புதன்கிழமை. ஆசிரியர் தினம். நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் காலையிலேயே பிள்ளைகள் பாட்டுப் பாடி, ஆளுக்கொரு ரோஜாவும் பேனாவும் கொடுத்து முடித்திருந்தார்கள். மதியச் சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும் நேரம் அந்தச் சத்தம் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, "சார், இது டெஸ்ட் வெடி இல்ல சார்" என்றாள். எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ அக்காவோ ஏதாவது ஓர் ஆலையில் மருந்து செலுத்திக்கொண்டோ திரி வெட்டிக்கொண்டோ இருந்தார்கள். தலைமையாசிரியர் வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார். பெரியவர்கள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் ஒழிய ஒரு பிள்ளையையும் வெளியே விடக் கூடாது என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சத்தம் வந்தது. முதல் சத்தத்தை அது ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் தட்டை அப்படியே போட்டுவிட்டு எங்கள் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியிருக்கிறது. வேலை பார்த்தவர்களில் பலர் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். புகையைப் பார்த்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் மருந்தும் முடிந்த சரக்கும் வைத்திருந்த இடம் வெடித்தது. கான்கிரீட் துண்டுகள் எங்கெங்கோ போய் விழுந்தன. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. எழுபது பேர்வரை காயம்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல, வெளியிலிருந்து வந்தவர்கள். பிரதமர் மன்மோகன் சிங் இரங்கல் தெரிவித்தார். தில்லித் தொலைக்காட்சிகளெல்லாம் எங்கள் கரிசல் காட்டில் வந்து நின்றன. சில நாள்களுக்கு நாடே சிவகாசியைப் பார்த்தது.

வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள் என்று அப்போது பலர் பேசினார்கள். போன கூட்டத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் என் பெரியப்பா மகன் அதற்காகப் போகவில்லை. அண்ணனிடம் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது. ஆலைகளுக்குக் காகிதக் குழாயும் அட்டைப்பெட்டியும் ஏற்றிப்போவதுதான் அவர் பிழைப்பு. அன்றைக்கு வேறோர் ஆலைக்குக் குழாய் இறக்கிவிட்டுத் திரும்புகிறார்; புகையைப் பார்க்கிறார்; வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். காயம்பட்டவர்களை முதல் நடையில் ஏற்றிக் கொண்டுபோய் சிவகாசி அரசு மருத்துவமனையில் இறக்கினார். மறுபடியும் ஏற்றிவரப் போனபோதுதான் அந்த இரண்டாவது வெடிப்பு. வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, நடக்க முடியாத ஒரு பெண்ணைத் தூக்க உள்ளே போயிருக்கிறார். முதுகும் இரண்டு கைகளும் கழுத்தின் பின்புறமும் வெந்துபோயின. அந்தப் பெண் யாரென்று அவருக்குத் தெரியாது. பிழைத்தாளா என்பதும் இன்றுவரை தெரியாது.

அண்ணனை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவர் மனைவியை, எங்கள் மதினியை, அழைத்துக்கொண்டு நானும் மதுரைக்குப் போனேன். செப்டம்பர் என்றால் சிவகாசியில் காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் காலம். அச்சகக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அப்படிப்பட்ட ஓர் அச்சகத்து அண்ணாச்சி, எங்களுக்கு முன்பின் பழக்கமில்லாதவர், பேருந்து நிலையத்தில் மதினி அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத் தன் காரை டிரைவரோடு கொடுத்தார். "போய்ட்டு மெதுவா வரட்டும், அவசரமில்ல" என்று டிரைவரிடம் சொன்னார். விருதுநகர் வந்ததும் நான்குவழிச் சாலை. எங்களுக்கு முன்னும் பின்னும் 108 வண்டிகள். திருமங்கலத்தை நெருங்கும்போது பார்த்தேன்: கைலி கட்டிய பையன்கள், ஆட்டோக்காரர்கள், ஒரு போலீஸ்காரர் எல்லோருமாக ரோட்டின் குறுக்கே நின்று லாரிகளைக் கையாலேயே மறித்து ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியவில்லை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை ஊரில் எல்லோரும் பெரியாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். வாசலில் ரத்தம் கொடுக்க வந்த கல்லூரிப் பையன்கள் சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றார்கள். கோரிப்பாளையம் பள்ளிவாசல் பக்கத்து இளைஞர்கள் பாலும் பன்னும் வாங்கிவந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து, வெளியே தரையில் உட்கார்ந்திருந்த எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தார்கள். மதினி வாங்க மறுத்தார். ஒரு பையன் விடவில்லை. "அக்கா, அண்ணன் முழிச்சுப் பாக்குறப்ப நீங்க தெம்பா நிக்கணும்ல" என்று சொல்லி டம்ளரைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

தீக்காயத்தைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தோல் வெந்துபோனால் உடம்பிலுள்ள நீர் கசிந்து வெளியே போய்க்கொண்டேயிருக்கும். முதல் ஒரு நாளில் பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோவது இந்த நீரிழப்புதான். அதை ஈடுகட்டச் சலைன் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நோயாளியின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி. அறுபது கிலோ ஆள், நாற்பது சதவீதக் காயம் என்றால் 24 மணி நேரத்தில் ஒன்பதரை லிட்டருக்கு மேல். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அந்த 8 மணி நேரம், தீப்பட்ட நிமிடத்திலிருந்து தொடங்குகிறது. மருத்துவமனை வாசலில் இறக்கிய நிமிடத்திலிருந்து அல்ல. சிவகாசியிலிருந்து மதுரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். தூரம் உயிரைக் குடிக்கும் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். லாரியைக் கையால் மறித்த அந்தப் பையன்கள் மீட்டுக் கொடுத்த ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருக்கு இரத்த நாளத்தில் ஏறிய நீர்.

வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே கொசுவலை. வெள்ளைக் களிம்பின் வாசனையும், அதற்கடியில் வேறொரு வாசனையும். அண்ணன் குப்புறப் படுத்திருந்தார். விரிப்புத் துணி காயத்தில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் தோலோடு வந்தது. அப்போது அவர் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. சில நாள் கழித்து, காயம் சற்று அடங்கியபோது, வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "வாழையிலை கொண்டுவர முடியுமா? குருத்தா இருக்கணும், கிழிசல் இருக்கக் கூடாது. ஒட்டாம இருக்கும்" என்றார்.

யானைக்கல் பக்கம் ஒரு இலைக்கடைக்குப் போனேன். கல்யாணத்துக்கா என்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன். அடுக்கி வைத்திருந்த கட்டை எடுக்கவில்லை. பின்னால் போய், பிரிக்காத கட்டு ஒன்றை அவிழ்த்து, ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தள்ளிவைத்தார். தேறிய இலைகளைக் கல்மேல் கவிழ்த்துப் போட்டு, நடுநரம்பைக் கத்தியால் சீவிச் சீவி இலையோடு இலையாகச் சமமாக்கினார். "இது முதுகுல குத்தும்ல" என்றார். பிறகு ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, சுருட்டாமல், அட்டையில் வைத்துக் கட்டிக்கொடுத்தார். கடைக்கு வந்த வேறு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. காசை நீட்டினேன். "சிவகாசி ஆளுகதான? உள்ள வைங்க அண்ணே. எத்தனை கட்டில்?" என்று கேட்டார். எனக்கு அண்ணன் கட்டில் மட்டும்தான் தெரியும். போய் எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். மறுநாளிலிருந்து அந்த வார்டில் இலை தேவைப்பட்ட எல்லோருக்கும் காலையில் ஓர் ஆட்டோவில் இலை வந்தது. ஆட்டோக்காரரும் காசு வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளைஞன். அவன் அம்மாவை நாங்கள் ஆச்சி என்று கூப்பிட்டோம். அவன் பிழைக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்து, காரியங்கள் முடிந்ததும் ஆச்சி ஒருநாள் மறுபடியும் வார்டுக்கு வந்தார். கையில் தூக்குச்சட்டி. உள்ளே அவித்த முட்டைகள். தீக்காயக்காரர்களுக்குப் புரதம் நிறையச் சேர வேண்டும், முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அவனுக்கு வாங்கிப் போட்ட கோழிக முட்டை போட்டுக்கிட்டே இருக்கு, நான் என்ன செய்ய" என்றார். கட்டில் கட்டிலாகப் போய், கை அசைக்க முடியாதவர்களுக்கு உரித்து ஊட்டினார். மகன் கிடந்த கட்டிலில் அப்போது வேறொருவர் இருந்தார். அவருக்கும் ஊட்டினார். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. சிஸ்டர் மட்டும் வந்து ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டார். ஆச்சி பிறகும் சிலமுறை வந்தார். பேருந்துக்கு அவர் எங்கிருந்து காசு புரட்டினாரோ தெரியாது.

ஊரில் நடந்தது இதற்குக் குறைந்ததல்ல. அண்ணனின் குட்டியானை கண்ணாடி நொறுங்கி, பக்கத் தகரம் நசுங்கி ரோட்டோரம் கிடந்தது. ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டுச் சரிசெய்தார்கள். பிறகு தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று தங்கள் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் வண்டியை ஓட்டினார்கள். அதில் வந்த வாடகையில் முதலில் வண்டிக்கு டியூ கட்டினார்கள். மீதியை மதினி வீட்டில் கொடுத்தார்கள். மதினி இருந்த மகளிர் குழுவில் அவர் தவணையை மற்ற பெண்கள் பங்குபோட்டுக் கட்டினார்கள். அந்தப் பெண்களில் பலர் ஆலைக்குப் போகிறவர்கள். விபத்துக்குப் பின் சோதனை, மூடல் என்று பல ஆலைகள் ஓடாததால் அவர்களுக்கே சரியாக வேலை இல்லாத நேரம் அது. ஒருவர் வீட்டில் உலை வைக்காவிட்டால் இன்னொருவர் வீட்டிலிருந்து குழம்பு போகும் ஊர்தான் எங்கள் ஊர். ஆனால் தவணையைப் பங்குபோட்டுக் கட்டுவது அதைவிடப் பெரிய காரியம். கொடுப்பவர் வயிற்றைக் கட்டிக் கொடுத்தது.

நம்பிக்கை என்று நான் சொல்வது இந்த இரக்கத்தை மட்டும் அல்ல. மாறவே மாறாது என்று நினைத்த ஒன்று மாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் பொய்க்கும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தபிறகு, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று ஊருக்கு வேலை வந்தது. அந்த வேலைக்குப் பிள்ளைகளும் போனார்கள். நான் சிறுவனாக இருந்தபோது கோழி கூவுமுன் தீப்பெட்டி ஆலைப் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து அம்மாக்கள் பஸ்ஸுக்குள் உட்காரவைப்பார்கள். என் வகுப்பில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. நானும் பள்ளி விட்டு வந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டியவன்தான். பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் தோலுரியும். ஆலைக்கு அனுப்பாமல் அம்மா என்னைப் படிக்கவைத்தது, அந்தத் தெருவில் அப்போது பெரிய துணிச்சல்.

1991இல் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் 39 பேர் இறந்த செய்தி உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குப் போனது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா சிவகாசிப் பிள்ளைகளுக்காக அதற்கு முன்பே தொடுத்திருந்த வழக்கின் தொடர்ச்சியாக, 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் நிதியத்துக்குக் கட்ட வேண்டும்; பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும்; வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலைக்கு அரசு வழிசெய்யப் பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, வீடு வீடாகப் போன ஆசிரியர்கள், தொண்டு நிறுவனத்துக்காரர்கள் எல்லாம் சேர்ந்துதான் மாற்றம் வந்தது. நான் ஆசிரியராகச் சேர்ந்த காலத்தில் பெற்றோர்களோடு சண்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்தோம். 2012இல் என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட ஆலைக்குப் போகவில்லை. முதலிப்பட்டிக்குப் பின் வீட்டில் சம்பாதிக்கிற ஆளை இழந்த பையன் ஒருவன் பள்ளிக்கு வராமல் நின்றபோது, எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் தினமும் காலையில் தன் ஸ்கூட்டரை அவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவன் ஏறும்வரை கிளம்பமாட்டார். முதலில் சில நாள் அவன் கதவைத் திறக்கவேயில்லை. டீச்சர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வருவார். அவன் இப்போது ஆண் செவிலியராக இருக்கிறான்.

பிள்ளைகளை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவர முடிந்த ஊரால், பெரியவர்களை ஆலைக்குள் உயிரோடு வைத்திருக்க முடியாதா? முடியவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. சின்னச் சின்ன விபத்துகளைச் சேர்த்தால் பட்டியல் நீளும். காரணங்களும் புதியவை அல்ல. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது; தீபாவளி நெருங்கும்போது அந்த எண்ணிக்கை ஏறிவிடும். உரிமம் ஒருவர் பேரில் இருக்கும். அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் வேறு சிலர். அவரவர் அவசரத்துக்கு அவரவர் மருந்து கலப்பார்கள். அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். மீந்ததை வைத்துவிட்டுப் போனால், ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானாகவே சூடேறும். அறையில் இடமில்லாவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்து வேலை நடக்கும். ஓர் உராய்வு போதும். இதெல்லாம் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், போர்மேனுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், சோதனைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் இருந்தால், மதுரையின் அத்தனை இலைக்கடைகளும் சேர்ந்தாலும் அவர்களைக் காப்பாற்ற முடியாது. எங்கள் மக்களின் இரக்கத்தை நான் கொண்டாடுவதாலேயே, அதை நம்பி விதியைக் காற்றில் விடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. உயர் சிகிச்சை என்றால் மதுரைதான் என்றிருந்த மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பட்டாசு ஆலை விபத்துகளில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விவரை ஆகும் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தச் செய்தியை ஆசிரியர் அறையில் படித்தபோது, நோட்டுத் திருத்திக்கொண்டே திண்ணையில் காத்திருந்த டீச்சரைத்தான் நினைத்தேன். அவர் தன் பெட்ரோல் செலவில் செய்ததை அரசு செய்ய வருகிறது என்றால் அது வரவேற்க வேண்டியது.

அண்ணன் வீடு திரும்பப் பல மாதங்கள் ஆயின. உயிர் பிழைத்ததோடு தீக்காயம் முடிந்துவிடாது. ஆறுகிற தோல் இழுத்துப் பிடிக்கும். முழங்கை மடங்கினது மடங்கினபடி நின்றுவிடப் பார்க்கும். தினமும் நீட்டி மடக்க வேண்டும். பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அவர் வலியில் கத்தினாலும் திட்டினாலும், "திட்டுங்க மாமா, ஆனா கைய நீட்டுங்க" என்று சிரித்துக்கொண்டே செய்துவிடுவாள். ஊருக்கு வந்தபிறகு அந்தப் பயிற்சியை டிரைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஸ்டாண்டில் ஆளுக்கொரு நேரம் அவர் கையைப் பிடித்து நீட்டிவிட்டார்கள். கடைசியில் ஸ்டியரிங் பிடிக்க வந்துவிட்டது. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் இன்றும் நிமிராது.

அதற்குப் பிறகு ஆசிரியர் தினம் வரும்போதெல்லாம் எங்கள் பள்ளியில் பாட்டுக்கும் ரோஜாவுக்கும் நடுவே ஒரு பாடம் சேர்த்தோம். சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடக் கூடாது. முதலில் போன் செய்ய வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் புகைக்கு எதிர்ப்பக்கம் விலக வேண்டும். முதல் வெடிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கவே கூடாது. வீட்டில் பெரியவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்வோம். பெரியவர்கள் நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், பேரப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள். ஒரு வருடம் அண்ணனையே அழைத்தேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். பிள்ளைகள் பயப்படவில்லை, கிட்ட வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் எழுந்து, "மறுபடியும் வெடிச்சா போவீங்களா மாமா?" என்று கேட்டான்.

"போவேன்" என்றார் அண்ணன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடத்தையே கெடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். அவர் நிதானமாகத் தொடர்ந்தார். "ஆனா உள்ள போகமாட்டேன். ரோட்டுல, தூரத்துல வண்டிய நிப்பாட்டுவேன். தண்ணிக் குடம் நாலு எப்பவும் வண்டில இருக்கு, சுத்தமான பழைய வேட்டி இருக்கு. வெளிய வர்றவங்க மேல தண்ணி ஊத்தி, வேட்டிய போத்தி, ஏத்திக்கிட்டுப் போவேன். உள்ள போறது தீயணைப்புக்காரங்க வேலை. வெளிய வந்தவன சாகவிடாம பாக்குறது நம்ம வேலை." எந்தப் பயிற்சி மையமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தந்திருக்க முடியாது. அவர் ஸ்டாண்டில் மற்ற வண்டிகளிலும் இப்போது குடமும் வேட்டியும் இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்கள் எங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையிலும் தீக்காயத்துக்கென்று ஒரு வார்டு இருக்கும். பட்டாசு விபத்துக்காரர்கள் மட்டுமல்ல, அடுப்படியில் தீப்பிடித்தவர்கள், மின்சாரம் தாக்கியவர்கள், கொதிநீர் கொட்டிய குழந்தைகள் என்று அது எப்போதும் நிறைந்திருக்கும். பொதுவாக யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஒருமுறை போய்ப் பணியிலிருக்கும் சிஸ்டரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியாக இருக்கலாம், கொசுவலையாக இருக்கலாம், முட்டையாக இருக்கலாம். ரத்த வங்கியில் உங்கள் பேரையும் எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். தீபாவளி முடிந்தபின் போகலாம் என்று தள்ளிப்போடாமல், அதற்கு முந்தின வாரமே போய்விடுங்கள். அவர்களுக்கு அப்போதுதான் அதிகம் தேவைப்படும்.